அமைதி அறையில் அளந்த காது

"எங்கள் தாத்தாவுக்குக் காது நன்றாகத்தான் கேட்கும், வேண்டாத பேச்சு மட்டும் கேட்காது" என்று வீடுகளில் கேலியாகச் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். தனியறையில் உட்கார்ந்து பேசினால் தாத்தா ஒவ்வொரு கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்வார். கல்யாணப் பந்தியில் மேளமும் நூறு பேர் பேச்சும் சேர்ந்திருக்கும்போது, "சாம்பாரா, ரசமா?" என்று பரிமாறுபவர் கேட்டால் வெறுமனே தலையை ஆட்டுவார். கவனக்குறைவு என்று வீட்டார் முடிவு கட்டுகிறார்கள். பரிசோதனைக்கு அழைத்துச் சென்றாலோ, "வயதுக்கேற்ற சிறு குறைதான், பெரிதாக ஒன்றுமில்லை" என்ற பதில் கிடைக்கிறது.

கேலி செய்யும் வீட்டாரும் ஆறுதல் சொல்லும் சோதனையாளரும் ஒரே கருத்தில்தான் நிற்கிறார்கள். எவ்வளவு மெல்லிய ஒலி வரை ஒருவருக்குக் கேட்கிறதோ, அதுவே அவருடைய கேள்திறன் என்பது அந்தக் கருத்து. பாடநூல்களில் இருப்பதும் இதுவே. சட்டங்கள் இதை வைத்து எழுதப்பட்டன. காதுக் கருவிகள் இதை வைத்து விற்கப்படுகின்றன. இக்கருத்து பாதி உண்மை. மீதிப் பாதியை விட்டுவிட்டதால் யார் யாருக்கு என்ன நேர்ந்தது என்பதையே இக்கட்டுரை பேசுகிறது.

முதலில் சோதனை நடக்கும் விதத்தைப் பாருங்கள். வெளிச்சத்தம் புகாத சிறு அறையில் உங்களை உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டுவார்கள். 250 ஹெர்ட்சிலிருந்து 8000 ஹெர்ட்சு வரை ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் 'பீப்' என்ற தூய ஒலியைக் கொடுத்து, அதைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போவார்கள். கேட்கும் வரை நீங்கள் பொத்தானை அழுத்த வேண்டும். இப்படிக் கிடைக்கும் கோட்டுப்படம்தான் ஆடியோகிராம். 1922இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் மின்கருவி வந்த நாள் தொட்டு இம்முறை அடிப்படையில் மாறவில்லை. நோய் எங்கே இருக்கிறது, நடுச்செவியிலா உட்செவியிலா என்று பிரித்தறிய இதைப் போல உதவுவது வேறில்லை. அந்த மட்டில் இச்சோதனையைக் குறை சொல்வது நியாயமாகாது. ஆனால் நாம் யாருடனும் 'பீப்' மொழியில் பேசுவதில்லை. சத்தம் புகாத அறையில் வாழ்வதும் இல்லை.

உயிரும் மெய்யும்

பேச்சில் எந்த ஒலி வலியது, எது மெலியது என்பதை நம் எழுத்துகளைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். கடம், சடம், தடம், படம், மடம், வடம் என்ற ஆறு சொற்களையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். ஆறிலும் 'அடம்' என்ற பகுதி பொது. முதலில் வரும் மெய் ஒன்றுதான் ஒரு சொல்லை மற்றொன்றிலிருந்து பிரிக்கிறது. ஆனால் ஒலியின் ஆற்றலில் பெரும்பகுதியை உயிரெழுத்து எடுத்துக்கொள்கிறது. 'அ' என்ற ஒலியின் வலிமை ஏறக்குறைய 700 முதல் 1300 ஹெர்ட்சு வரையுள்ள பகுதியில் குவிந்திருக்கிறது. க், த், ப் ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் வெடிப்போ, நொடியில் நூறில் சில பங்கு நேரமே நீடிக்கும் மெல்லிய ஒலி. 'சடம்' என்பதில் வரும் சகரச் சீறலின் ஆற்றல் பெரும்பாலும் 4000 ஹெர்ட்சுக்கு மேலே இருக்கிறது. சுருங்கச் சொன்னால், உரத்துக் கேட்பது உயிர். பொருளைப் பிரித்துச் சொல்வது பெரும்பாலும் மெய்.

நீங்களே ஒரு சிறு சோதனை செய்யலாம். வானொலியை எந்த நிலையமும் கிடைக்காத இடத்தில் திருப்பி வையுங்கள். 'ஷ்ஷ்' என்ற இரைச்சல் வரும். நண்பர் ஒருவர் வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு மேற்சொன்ன ஆறு சொற்களை மாற்றி மாற்றி ஒரே குரலில் படிக்கட்டும். இரைச்சலைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே நீங்கள் கேட்டதை எழுதுங்கள். பிழைகளைப் பிறகு எண்ணிப் பார்த்தால், 'அடம்' அநேகமாகத் தப்பாது; முதல் மெய்தான் இடம் மாறியிருக்கும். தாளை எடுத்துவிட்டு அதே இரைச்சலில் மீண்டும் செய்யுங்கள். பகரமும் மகரமும் இதழ்களை மூடித் திறப்பவை ஆதலால், ககரத்தோடும் தகரத்தோடும் அவற்றைக் குழப்பமாட்டீர்கள். இரைச்சல் கூடக்கூட முகத்தைப் பார்ப்பதன் பயனும் கூடும் என்பதை 1954இலேயே அமெரிக்காவில் சம்பி, போலாக் என்ற இருவர் அளந்து காட்டினார்கள். "மூக்குக் கண்ணாடியைக் கொடு, நீ சொல்வது கேட்கவில்லை" என்று பெரியவர்கள் சொன்னால் சிரிக்காதீர்கள். அதில் விஞ்ஞானம் இருக்கிறது.

இங்கே ஓர் அளவைத் தெரிந்துகொள்வது நல்லது. பேச்சு 65 டெசிபெல், சுற்றியுள்ள இரைச்சல் 60 டெசிபெல் என்றால் பேச்சுக்குச் சாதகமாக 5 டெசிபெல் இருக்கிறது. இரைச்சல் 70 ஆனால் பேச்சு 5 டெசிபெல் பின்தங்கிவிடுகிறது. இந்த வேறுபாடுதான் இரைச்சலில் எல்லாவற்றையும் முடிவு செய்வது. நல்ல காதுள்ள ஒருவர், பேச்சு ஏறக்குறைய 5 டெசிபெல் பின்தங்கியிருந்தால்கூட எளிய வாக்கியங்களில் பாதியைச் சரியாகத் திருப்பிச் சொல்லிவிடுவார். அந்த எல்லைக்கருகே ஒவ்வொரு டெசிபெலுக்கும் மதிப்பு மிக அதிகம். ஒரே ஒரு டெசிபெல் கூடினால் அல்லது குறைந்தால் வாக்கியங்களில் 15 முதல் 20 சதவீதம் வரை கிடைக்கும் அல்லது கைவிட்டுப் போகும். ஆடியோகிராமிலோ 5 டெசிபெல் வித்தியாசத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. சோதனையே 5 டெசிபெல் படிகளில்தான் நடக்கிறது!

ஆலைத் தொழிலாளியின் கணக்கு

தூய ஒலியின் அளவை அப்படியே பேச்சின் அளவாகக் கொண்டதால் நேர்ந்த அநீதிக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவில் இருக்கிறது. ஆலை இரைச்சலால் காதை இழந்த தொழிலாளிக்கு எவ்வளவு ஈட்டுத்தொகை கொடுப்பது என்று கணக்கிட அங்குள்ள செவி மருத்துவர் சங்கம் 1959இல் ஒரு வாய்பாட்டை வகுத்தது. 500, 1000, 2000 ஹெர்ட்சு ஆகிய மூன்று இடங்களில் மட்டும் இழப்பைப் பார்த்துச் சராசரி எடுத்தால் போதும் என்றது. அமைதியான இடத்தில் வாக்கியங்களைக் கேட்க இம்மூன்றும் ஏறக்குறையப் போதுமானவை என்பது அதன் வாதம். அமைதிக்கு அது பொருந்தும்தான். ஆனால் ஆலை இரைச்சல் காதை முதலில் தாக்குவது 4000 ஹெர்ட்சை ஒட்டிய பகுதியை. ஆகவே இயந்திரங்களின் நடுவே இருபது ஆண்டு நின்ற ஒருவர் 4000 ஹெர்ட்சில் பெரும் இழப்போடு வந்து நின்றாலும், வாய்பாட்டின்படி அவருக்கு இழப்பு இல்லை என்று விடை வரக்கூடும். சந்தையில் பேச்சு புரியவில்லை என்று அவர் முறையிட்டால், "காகிதத்தில் சரியாக இருக்கிறதே" என்று பதில் வரும்.

இரைச்சலிடையே பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனைக் கணிக்க 2000, 3000, 4000 ஹெர்ட்சு அளவுகளே மேலானவை என்று கார்ல் கிரைட்டரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1962இல் எழுதினார்கள். வாய்பாட்டில் 3000 ஹெர்ட்சைச் சேர்க்க 1979 வரை ஆயிற்று. 4000 அப்போதும் சேரவில்லை. விசைத்தறிக் கூடங்கள் நிறைந்த நம் கொங்கு நாட்டு வாசகர்களுக்கு இது வெறும் அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றாது என்று நினைக்கிறேன். இரைச்சலால் வரும் காது இழப்பு நம் நாட்டுச் சட்டப்படி அறிவிக்கத்தக்க நோய்களின் பட்டியலில் உள்ளது. ஆனால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இரு காதிலும் பேச்சு அதிர்வெண்களில் 60 முதல் 70 டெசிபெல் இழந்தவரைக் கேட்கும் திறன் குறைந்தவர் என்றும், 70 டெசிபெல் இழந்தவரைக் காது கேளாதவர் என்றும் வரையறுக்கிறது. இரைச்சல் என்ற சொல்லுக்கே அந்த வரையறையில் இடமில்லை.

பந்தியில் காது செய்யும் வேலை

நல்ல காது பல குரல்களுக்கு நடுவே ஒரு குரலை எப்படிப் பிடிக்கிறது? இக்கேள்விக்கு 'காக்டெய்ல் விருந்துச் சிக்கல்' என்று பெயர். 1953இல் காலின் செர்ரி எழுதிய கட்டுரையிலிருந்து இப்பெயர் பரவியது. நம் பத்திரிகைகளில் இதை 'மது விருந்துப் பிரச்சினை' என்று மொழிபெயர்த்து விடுகிறார்கள். பந்தி என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு எதற்கு இந்தச் சிரமம்? செர்ரி ஒரு காதில் ஒரு பேச்சையும் மறு காதில் வேறொரு பேச்சையும் கொடுத்து, ஒன்றை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்லச் செய்தார். மற்றக் காதில் என்ன பேசப்பட்டது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. ஆங்கிலம் ஜெர்மனாக மாறியதுகூடக் கவனத்தில் படவில்லை. ஆண் குரல் பெண் குரலாக மாறினால் மட்டும் தெரிந்தது.

வியப்பான சோதனைதான். ஆனால் எளிய நூல்களில் இதை மட்டும் சொல்லிவிட்டு, "ஆகவே எல்லாம் கவனத்தைப் பொறுத்தது" என்று முடிப்பதை நான் ஏற்பதற்கில்லை. தாத்தாவைக் கேலி செய்பவருக்கு அது ஆயுதமாகிவிடுகிறது. செர்ரியின் சோதனையில் இரு பேச்சுகளும் தனித்தனிக் காதில் சுத்தமாக வந்து சேர்ந்தன. பந்தியில் அப்படி யாரும் பிரித்துத் தருவதில்லை. எல்லாக் குரலும் கலந்து இரு காதிலும் விழுகின்றன. கவனம் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, கலந்ததைப் பிரிக்கும் வேலையைக் காது தொடங்கிவிட வேண்டும். இதே செர்ரி, ஒரே ஆளின் குரலில் இரு பேச்சுகளைக் கலந்து இரு காதுக்கும் கொடுத்தபோது, நல்ல காதுள்ளவர்களே பலமுறை திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் பிரிக்க முடிந்தது. இதை எடுத்துச் சொல்பவர்கள் குறைவு.

பிரிப்பதற்குக் காதிடம் பல வழிகள் உண்டு. வலப்பக்க ஒலி வலக் காதை முந்தி அடையும். அந்த முந்துதல் அதிகமாகப் போனால் நொடியில் ஆயிரத்தில் முக்கால் பங்குக்கும் குறைவு. அவ்வளவு சிறிய இடைவெளியை மூளை பயன்படுத்திக்கொள்கிறது. நத்தைச்சுருளில் சுமார் 3500 உள்மயிர்ச் செல்களும் 12,000 வெளிமயிர்ச் செல்களும் உள்ளன. உள்மயிர்ச் செல்கள் செய்தியை நரம்புக்கு அனுப்புகின்றன. வெளிமயிர்ச் செல்கள் மெல்லிய ஒலியைப் பெருக்குவதோடு, அருகருகே உள்ள அதிர்வெண்களைக் கூர்மையாகப் பிரித்தும் கொடுக்கின்றன. இன்னொரு வழி இடைவெளியில் கேட்பது. பக்கத்தில் பேசுபவர் மூச்சு வாங்கும்போதும் மெல்லிய மெய்யை உச்சரிக்கும்போதும் அவர் குரல் ஒரு கணம் தாழும். அந்தக் கணத்தில் நம்மவர் பேச்சின் ஒரு துண்டு கிடைக்கும். துண்டுகளை ஒட்டி மூளை சொல்லை முடித்துக்கொள்கிறது.

பழுதான காதில் இவை எல்லாமே கெடுகின்றன. வெளிமயிர்ச் செல்கள் அழிந்தால் ஒலி குறைவதோடு கூர்மையும் போகிறது. பேச்சும் இரைச்சலும் ஒரே அகலமான சல்லடையில் விழுந்து கலந்துவிடுகின்றன. நெதர்லாந்தைச் சேர்ந்த ரெய்னியர் பிளோம்ப் 1978இல் இதைத் தெளிவாக இரண்டாகப் பிரித்தார்: ஒலி மெலிந்து கேட்பது ஒன்று, ஒலி சிதைந்து கேட்பது மற்றொன்று. மெலிவைக் கருவியால் ஈடுகட்டலாம். சிதைவைப் பெருக்கினால் பெரிய சிதைவுதான் கிடைக்கும். 1990இல் அவரும் ஃபெஸ்டனும் செய்த அளவீட்டில், இரைச்சல் ஒரே சீராக இல்லாமல் ஏறி இறங்கியபோது நல்ல காதினர் 4 முதல் 6 டெசிபெல் வரை ஆதாயம் பெற்றார்கள்; பின்னணியில் ஒரு தனிக் குரல் இருந்தால் ஆதாயம் இன்னும் கூடியது. காதுக் குறையுள்ளவர்களுக்கு அந்த ஆதாயம் ஏறக்குறைய இல்லை. பந்தியில் தாத்தா இழப்பது இதைத்தான். அவருடைய ஆடியோகிராமில் இது எந்த இடத்திலும் தெரியாது.

எச்சரிக்கை முன்பே கொடுக்கப்பட்டது என்பதுதான் வருத்தம். பின்னணிப் பேச்சோடு கேட்கும் திறனையும் வழக்கமான பரிசோதனையில் சேர்க்க வேண்டும் என்று கார்ஹார்ட், டில்மன் இருவரும் எழுதியது 1970இல். அரை நூற்றாண்டு கடந்தும் பெரும்பாலான இடங்களில் 'பீப்' தான் ஒலிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நிலை இன்னும் விந்தையானது. 2019இல் அது பொதுமக்களுக்காக வெளியிட்ட கைப்பேசிச் செயலி, இரைச்சலுக்கு நடுவே எண்களைச் சொல்லி, கேட்டதை அழுத்தச் செய்கிறது. நல்ல முறை. 2021இல் வெளியிட்ட உலக அறிக்கையிலோ, இழப்பின் படிநிலைகளை அமைதியில் அளந்த டெசிபெலைக் கொண்டே வகுத்தது. 20 முதல் 35 டெசிபெலுக்குள் இருந்தால் இலேசான இழப்பு. அமைதியில் உரையாடல் கேட்கும், இரைச்சலில் சிரமப்படலாம் என்று பக்கத்தில் ஒரு குறிப்பு. குறிப்பில் இரைச்சல் வந்தது முன்னேற்றமே. ஆனால் அளக்காத ஒன்றை அட்டவணையில் எழுதி வைப்பதை அளவீடு என்று எப்படிச் சொல்வது?

எதிர்ப்பக்கத்தில் நடக்கும் மிகையையும் சொல்லத்தான் வேண்டும். 2009இல் குஜாவா, லிபர்மன் என்ற இருவர் எலிகளை 100 டெசிபெல் இரைச்சலில் இரண்டு மணி நேரம் வைத்தார்கள். சில நாட்களில் கேட்பு அளவு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. மயிர்ச் செல்களும் சேதமின்றி இருந்தன. ஆனால் அவற்றை நரம்போடு இணைக்கும் சந்திப்புகளில், உயர் அதிர்வெண் பகுதியில், ஏறக்குறைய பாதி அழிந்து போயிருந்தன. அருமையான கண்டுபிடிப்பு. இதிலிருந்து 'மறைந்த காது இழப்பு' என்ற பெயர் பிறந்தது. ஆடியோகிராம் சரியாக இருந்தும் இரைச்சலில் தடுமாறும் ஒவ்வொருவருக்கும் காரணம் இதுவே என்று இப்போது எழுதிவிடுகிறார்கள். மனிதர்களில் செய்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப் போகவில்லை. எலியின் காதில் கண்டதை இளைஞரின் காதுக்கு ஒரே தாவலில் கொண்டு போவது விஞ்ஞானம் ஆகாது.

விளம்பரங்கள் இன்னும் மோசம். "கூட்டத்திலும் தெளிவாகக் கேட்கும்" என்ற வாசகத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். வெறும் பெருக்கி பேச்சை 20 டெசிபெல் உயர்த்தினால் இரைச்சலையும் 20 டெசிபெல் உயர்த்தும். வேறுபாடு இருந்தபடியே இருக்கும். திசை அறியும் ஒலிவாங்கி முன்னால் இருப்பவரின் குரலுக்குச் சில டெசிபெல் சாதகம் தேடித் தரும். சுவர்கள் எதிரொலிக்கும் மண்டபத்தில் அதுவும் குறையும். செயற்கை நரம்பு வலைகளைக் கொண்டு பேச்சையும் இரைச்சலையும் பிரிக்கும் முறை, காதுக் குறையுள்ளவர்களின் புரிதலை உயர்த்தியதை 2013இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். அத்தகைய கருவிகள் இப்போது விற்பனையிலும் உள்ளன. ஆனாலும் மிக எளிய வழியின் கணக்கைப் பாருங்கள். பேசுபவர் 2 மீட்டர் தொலைவில் இருக்கிறார். ஒரு சிறு ஒலிவாங்கியை அவர் வாயிலிருந்து 20 சென்டிமீட்டரில் சட்டையில் மாட்டி, கம்பியில்லாமல் கருவிக்கு அனுப்பினால், தொலைவு பத்தில் ஒன்றாகிறது. திறந்த வெளியில் 20 டெசிபெல் ஆதாயம்! விலை உயர்ந்த கருவியை வாங்க வருபவரிடம் இதை எடுத்துச் சொல்பவர் எத்தனை பேர்?

இனி உங்களைப் பற்றி, மாணவ வாசகர்களே. காதில் ஒரு குறையும் இல்லாத உங்களுக்கும் இதில் பங்குண்டு. வகுப்பறையில் பின்னணி இரைச்சல் 35 டெசிபெலுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999இலும் அமெரிக்கத் தரக்கட்டளை 2002இலும் கூறின. தகரக் கூரையும் கிறீச்சிடும் மின்விசிறியும், கூரை வரை எட்டாத தடுப்புச் சுவருக்கு அப்பால் வாய்ப்பாடு சொல்லும் அடுத்த வகுப்பும் உள்ள பள்ளியில் அது எட்டாக் கனி. சிறுவர்களுக்குப் பெரியவர்களைவிட அதிகச் சாதகம் தேவை. ஏனெனில் துண்டுகளை ஒட்டிச் சொல்லை முடிக்கும் பயிற்சி அவர்களுக்கு இன்னும் நிறையவில்லை.

அதே காரணத்தால் இன்னொன்றும் நேர்கிறது. ஸ்பானிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, ஆங்கிலத்தைப் பிந்திய வயதில் கற்றவர்களை மேயோ, ஃபுளோரன்டைன், பஸ் ஆகியோர் 1997இல் சோதித்தார்கள். இரைச்சல் சேர்ந்தவுடன் இவர்கள் ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களைவிடப் பெரிதும் பின்தங்கினார்கள். வாக்கியத்தின் முன்பகுதியைக் கொண்டு பின்பகுதியை ஊகிக்கும் வசதியும் இவர்களுக்குக் குறைவாகவே கிடைத்தது. தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழிக் கல்லூரியில் கடைசி வரிசையில் உட்காரும் மாணவர், ஆசிரியர் சொல்வது பிடிபடாமல் போவதைத் தன் அறிவின் குறை என்று எண்ணிக்கொள்கிறார். பாதிக் குறை மின்விசிறியில் இருக்கலாம். முதல் வரிசைக்கு மாறிப் பாருங்கள்; சில டெசிபெல்கள் காசில்லாமல் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. இரைச்சலில் எண்களைச் சொல்லிச் சோதிக்கும் முறையை ஸ்மிட்ஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் நெதர்லாந்தில் தொலைபேசி வழியே நடத்தி, 2004இல் அதன் விவரங்களை வெளியிட்டார்கள். டச்சு மொழியில் ஏழும் ஒன்பதும் ஈரசை கொண்டவை. நீளத்தை வைத்தே ஊகித்துவிடலாம் என்பதால் அவ்விரண்டையும் நீக்கினார்கள். தமிழில் இத்தகைய சோதனையை அமைப்பவர் இதைவிடக் கடினமான தேர்வைச் செய்ய வேண்டியிருக்கும். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, எட்டு என்பவற்றில் முதல் உயிரே ஒன்றுக்கொன்று வேறானது. மெய் எதுவும் காதில் விழாவிட்டாலும் உயிரைக் கொண்டு விடை சொல்லிவிடலாம். ஒன்றும் ஒன்பதும், நான்கும் ஆறும் மட்டுமே ஓரளவு குழப்பும். அவற்றிலும் ஒன்பது மூவசை. போதாக்குறைக்கு, 'இரண்டு' என்று பதிவு செய்தால் 'ரெண்டு' என்று பேசுபவருக்கு அது அச்சுத் தமிழ். 4000 ஹெர்ட்சை இழந்த தறித்தொழிலாளி எண்களை மட்டும் வைத்த சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டுப் போகக்கூடும். அவருக்குக் கடம், சடம், தடம், படம் போன்ற பட்டியல்தான் வேண்டும். அதுவும் பேச்சு வழக்கில் எல்லோரும் அறிந்த சொற்களாக இருக்க வேண்டும். இந்தப் பட்டியலிலேயே 'சடம்' தேறாது.